கடைக்கு போன் வைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இப்போது பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ள மாட்டீர்களா என்ன? உங்களில் நிறையப் பேர் சொந்தமாகக் கடையோ பட்டறையோ நடத்துகிறீர்கள். உரக்கடை, ஜவுளிக்கடை, லேப், டிராவல்ஸ், மோட்டார் காயில் கட்டும் கடை என்று எனக்குத் தெரிந்தே முப்பது நாற்பது பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது. மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

போன சித்திரையில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் மைத்துனர் கூப்பிட்டார். கள்ளிமந்தையம் பக்கம் தோட்டம். இரண்டு ஏக்கர் தக்காளி, பூவெடுக்கிற சமயம். ராத்திரி மோட்டார் காயில் புகைந்துவிட்டது. "மச்சான், கடைக்குப் போன் போட்டா யாரோ டீச்சரம்மா இங்கிலீஷ்ல பேசுது. நம்பர் தப்புன்னு வச்சிட்டேன். உங்ககிட்ட படிச்ச பையன் கடைதானே, நீங்க கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றார்.

நான் கூப்பிட்டேன். டீச்சரம்மா இல்லை, மெஷின். முதலில் இங்கிலீஷ், பிறகு இந்தி, மூன்றாவதாகத் தமிழ். தமிழுக்கு 3 அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். விற்பனைக்கு 1, சர்வீசுக்கு 2 என்றது, 2 அழுத்தினேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டு போட்டது. நாலு நிமிஷம் பாட்டு கேட்டேன். கட் ஆகிவிட்டது. மறுபடி அடித்தேன், மறுபடி பாட்டு. மோட்டார் காயில் கட்டும் கடைக்கு, நாலு பேர் வேலை பார்க்கிற ஒரு தகரக் கொட்டகைக்கு, ஏர்லைன்ஸ் கம்பெனி மாதிரி மெஷின்!

பஸ் பிடித்து ஒட்டன்சத்திரம் போனேன். கடையில் அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். "என்னமோ தெரியல சார், இன்னிக்குக் காலையில இருந்து ஒரு போனும் வரல" என்றான். அவன் போனை வாங்கிப் பார்த்தேன். மெஷின் வழியாக வருகிற அழைப்பெல்லாம் ஒரு ஆப்பில் மணியடிக்க வேண்டும். அவன் டேட்டா பேக் முந்தைய நாள் ராத்திரியே தீர்ந்திருந்தது. பதினொரு அழைப்புகள், ஒன்றும் அவனுக்கு வந்து சேரவில்லை. என் மைத்துனரின் மோட்டார் மறுநாள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் இறங்கியது.

அந்த இன்னொரு கடை யாருடையது என்பதில்தான் கதையே இருக்கிறது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார், பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றான்.

அவன் அப்பா காலத்துக் கடை அது. அந்தக் காலத்தில் போன் இணைப்புக்கு மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்து வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த வேலையைக் கேளுங்கள். எந்தத் தோட்டத்துக்கு மோட்டார் மாட்டப் போனாலும் கையில் சின்ன பெயின்ட் டப்பா இருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டி மூடியில் கடை நம்பரை எழுதிவிட்டுத்தான் வருவார். இடையகோட்டை, அம்பிளிக்கை, கள்ளிமந்தையம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க அந்த நம்பர் பெயின்ட்டில் இருந்தது. மோட்டார் புகைந்தால் விவசாயி முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். இதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா?

2019-ல் மகன் அந்த லேண்ட்லைனைச் சரண்டர் செய்தான். "யாரு சார் இப்பல்லாம் லேண்ட்லைன் பேசுறா? மாசம் முந்நூறு ரூபா தண்டம்" என்று எனக்கே விளக்கம் சொன்னான். எல்லோரையும் கடையில் வேலை பார்த்த பையனின் சொந்த செல் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னான். அவன்தானே தோட்டத்துக்குப் போகிறான், அவனிடமே பேசட்டும் என்று யோசனை. விசிட்டிங் கார்டிலும் அதே நம்பர். செலவு பூஜ்யம்.

நாலு வருஷம் கழித்து அந்தப் பையன் தனிக்கடை போட்டான். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. யாருடைய நம்பரையும் திருடவில்லை, யாரையும் கூப்பிட்டுக் கெடுக்கவில்லை. அவன் செல், அவன் சிம், அவன் நம்பர். ஊர் ஊராக விவசாயிகள் பழைய கடை என்று நினைத்துக் கூப்பிட்டார்கள், புதுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முப்பது வருஷ வாடிக்கை ஒரு சிம் கார்டில் ஏறிப் போய்விட்டது. பழைய லேண்ட்லைன் நம்பராவது திரும்பக் கிடைக்குமா என்று போய்க் கேட்டான். கிடைக்கவில்லை.

பதறிப்போன நேரத்தில்தான் டை கட்டிய ஒரு தம்பி வந்தான். கம்பெனி பெயர் வேண்டாம். கிளவுட் டெலிபோன், ஐ.வி.ஆர்., ஐந்து பேருக்கு ஐந்து இணைப்பு, ஆள் ஒன்றுக்கு மாதம் 900 ரூபாய். வருஷத்துக்கு 54,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 63,720. மொத்தமும் முன்பணம். கடையில் நாலு பேர்தான், ஐந்தாவது இணைப்பு யாருக்கு என்று இவனும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "உங்க கடைக்கு ஒரு புரொஃபஷனல் இமேஜ் வரும் சார்" என்றானாம். பத்தாம் வகுப்பில் வட்டிக் கணக்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கிய பயல், அந்த ஒரு வார்த்தையில் விழுந்தான்.

என் கோபம் இந்த இரண்டு பேர் மேலும்தான். செலவே வேண்டாம் என்று நம்பரை ஊழியர் கையில் கொடுக்கிற முதலாளி மேல். பயத்தைக் காட்டி நாலு பேர் கடைக்கு நானூறு பேர் கம்பெனியின் சட்டையை மாட்டுகிற விற்பனைக்காரர் மேல். இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். எந்த மெஷின் வாங்கலாம், எவ்வளவு மிச்சம் என்பதிலேயே நிற்கிறார்கள். நம்பர் யாருடையது, மணியடித்தால் யார் எடுப்பது என்ற இரண்டு கேள்வியை இருவருமே கேட்பதில்லை.

இது இன்று நேற்றுப் பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் சவப்பெட்டி, அடக்கக் காரியம் செய்யும் தொழில் நடத்தினார். அப்போதெல்லாம் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து யாருக்கு யார் வேண்டுமோ கையால் இணைத்துவிட வேண்டும். போட்டிக்காரரின் மனைவியே அங்கே ஆபரேட்டர், தனக்கு வருகிற அழைப்பையெல்லாம் அந்த அம்மா தன் வீட்டுக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஸ்ட்ரோஜர் கொதித்துப் போனதாகச் சொல்வார்கள். கொதித்தவர் சும்மா இருக்கவில்லை. ஆபரேட்டரே இல்லாமல் தானாக இணைக்கும் எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891-ல் காப்புரிமை வாங்கினார். மறு வருஷம் இண்டியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற ஊரில் அது வேலைக்கு வந்தது. நாம் நம்பர் சுழற்றிப் பேசியதெல்லாம் ஒரு சின்னத் தொழில்காரர் தன் அழைப்பு அடுத்தவன் கைக்குப் போகிறதே என்று வயிறெரிந்ததில் வந்தது. அவருக்குப் புரிந்தது நமக்குப் புரிய வேண்டாமா?

சரி, திட்டியது போதும். என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். நோட்டை எடுங்கள்.

முதலில் எண்ணிப் பாருங்கள். ஒரு வாரம், ஒரு நோட்டில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எத்தனை நிமிஷம் பேசினீர்கள், எத்தனை தவறியது என்று எழுதுங்கள். நாலு பேர் இருப்பதால் நாலு இணைப்பு என்பது கணக்கு இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் கணக்கு.

நம் ஆள் கடையில் நானே உட்கார்ந்து எண்ணவைத்தேன். நெரிசலான நேரம் காலை ஏழிலிருந்து எட்டு. அந்த ஒரு மணி நேரத்தில் 12 அழைப்பு, சராசரி 3 நிமிஷம். அதாவது 60 நிமிஷத்தில் 36 நிமிஷப் பேச்சு. ஒரே லைன் இருந்தால் என்ன ஆகும், இரண்டு இருந்தால் என்ன ஆகும்? இதற்கு ஒரு சூத்திரமே இருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித மேதை 1917-ல் வெளியிட்டது. அதற்கு முன் அவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். அந்தச் சூத்திரப்படி போட்டால், ஒரு லைன் இருந்தால் நூறு பேரில் 37, 38 பேருக்கு 'பிசி' வரும். இரண்டு லைன் இருந்தால் 10 பேருக்கு. மூன்று லைன் இருந்தால் 2 பேருக்கு. நாலாவது, ஐந்தாவது லைனுக்குக் கொடுக்கிற காசெல்லாம் அந்த இரண்டு பேருக்காக. மற்ற நேரத்தில் மூன்றாவது லைன்கூடச் சும்மாதான் கிடக்கும். சூத்திரம் வேண்டும் என்கிறவர்கள் கேளுங்கள், தனியாக எழுதி அனுப்புகிறேன். பாதிப் பேர் கேட்க மாட்டீர்கள் என்றும் தெரியும்.

இரண்டாவது, நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். போன் விஷயத்தில் வாயைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். சிம் முதலாளி பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்க வேண்டும். போனும் கடைச் சொத்தாக இருக்க வேண்டும். சாயங்காலம் கடை பூட்டும்போது சாவியைப் போல அதுவும் உங்கள் கைக்கு வர வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம், காசு கிடையாது. இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்கள்.

உங்கள் பெயரில் இருக்கிற செல் நம்பரை நீங்கள் எந்தக் கம்பெனிக்கும் எடுத்துக்கொண்டு போகலாம். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க அந்த உரிமை இருக்கிறது. 1900-க்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். ஆனால் லேண்ட்லைன் நம்பரை அப்படி இன்னொரு கம்பெனிக்கு மாற்ற முடியாது. அதனால் பழைய லேண்ட்லைன் வைத்திருப்பவர்களே, அவசரப்பட்டுச் சரண்டர் செய்யாதீர்கள். விட்டால் விட்டதுதான். டை கட்டிய தம்பி கொடுக்கிற கிளவுட் நம்பரோ? அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, நாளைக்கு நான் உங்க சர்வீஸ் வேண்டாம்னா, இந்த நம்பர் என்கூட வருமா? வரும்னா எழுத்துல குடு." எழுதிக் கொடுத்தால் மேற்கொண்டு பேசுங்கள். இருமினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நான் கணக்கு வாத்தியார்தான், ஆனால் அறிவியல் வாத்தியார் லீவு போட்ட நாளெல்லாம் அந்தப் பாடமும் நான்தான் எடுத்தேன், மறந்திருக்க மாட்டீர்கள். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் கம்பி வழியாக வந்தது. அதனால்தான் ஊரே இருட்டாக இருந்தாலும் போன் பேசியது. இப்போது கொடுப்பது ஃபைபர். அது கண்ணாடி இழை, அதில் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. உங்கள் கடையில் வைக்கிற பெட்டிக்கு உங்கள் கரண்ட்தான். கரண்ட் போனால் பெட்டி சாகும், போனும் சாகும். மோட்டார் கடைக்கு அழைப்பு வருவதே வோல்டேஜ் தகராறு செய்கிற நாளில்தான்! ஆகவே ஃபைபர் லேண்ட்லைன் வைத்தால் கூடவே ரவுட்டருக்கு விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கிவிடுங்கள். பெரிய செலவில்லை.

நாலாவது, ஆப்பை நம்பிக் கடையை நடத்தாதீர்கள். ஆப் வேலை செய்ய டேட்டா வேண்டும், டவர் வேண்டும், பேட்டரி வேண்டும், நோட்டிஃபிகேஷன் அணைக்காமல் இருக்க வேண்டும். சாதா பட்டன் போனுக்குச் சார்ஜும் சிக்னலும் போதும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாள் நிற்கும், கையில் கிரீஸ் இருந்தாலும் எடுக்கலாம்.

இப்போது நம் ஆள் கடையில் என்ன இருக்கிறது தெரியுமா? ஃபைபரில் ஒரு புது லேண்ட்லைன். அவன் பெயரில் இரண்டு சிம், இரண்டு பட்டன் போன். ஒன்று பிசியாக இருந்தால் அடுத்ததற்குப் போகிற மாதிரி கால் ஃபார்வர்டிங். அதைக் கம்பெனிக்காரர்களிடமே கேட்டுப் போட்டுக்கொண்டான். நட்சத்திரக் குறி போட்டு நம்பர் அடிக்கிற பழைய வழியை, மோசடி பெருகிப் போனதால் 2024 ஏப்ரல் 15-லிருந்து நிறுத்தச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. யாராவது போனில் கூப்பிட்டு, "ஸ்டார் போட்டு இந்த நம்பரை அடிங்க" என்றால் அடிக்காதீர்கள். உங்கள் அழைப்பெல்லாம் அவனுக்குப் போய்விடும். லேண்ட்லைன் நம்பரிலேயே வாட்ஸ்அப் பிசினஸும் வைத்திருக்கிறான். அது இலவசம், லேண்ட்லைனிலும் ஓடும். பதிவு செய்யும்போது மெசேஜுக்குப் பதில் போன் மூலம் கோட் கேட்டால் போதும். விவசாயி புகைந்த மோட்டாரின் போட்டோவை அதில் அனுப்புகிறார். எல்லாம் சேர்த்து மாதச் செலவு ஆயிரத்துக்குள். 63,720 எங்கே, 12,000 எங்கே? மிச்சம் கிட்டத்தட்ட 52,000. கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறிலிருந்து எட்டு வரை லேண்ட்லைனை அவன் மனைவி எடுக்கிறார். இதுதான் அந்தக் கடையின் உண்மையான 'சிஸ்டம்'. எந்த ஊர், எத்தனை ஹெச்.பி., கிணறா போர்வெல்லா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். ஐ.வி.ஆர். மெஷினுக்கு இது வருமா?

உள்ளே நாலைந்து அறை, மாடி, குடோன் என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் இன்டர்காம் பெட்டி என்போமே, மூன்று லைன் எட்டு எக்ஸ்டென்ஷன் மாதிரி, அது ஒரு தடவைச் செலவு. மாத வாடகை கிடையாது. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை இருந்தால் ஆஸ்டரிஸ்க் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. 1999-ல் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் தன் சின்னக் கம்பெனிக்கு டெலிபோன் சிஸ்டம் வாங்கக் காசில்லாமல் தானே எழுதியது. பழைய கம்ப்யூட்டரில்கூட ஓடும். ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பிள்ளை பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் அதை யார் பார்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

இப்போது மறுப்புக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற என் மாணவன் ஒருவன் இருக்கிறான். படித்துவிட்டு இந்நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். "சார், காலம் மாறிப்போச்சு. கால் ரெக்கார்டிங், மிஸ்டு கால் ரிப்போர்ட், யாரு எத்தனை நிமிஷம் பேசினாங்கன்னு எல்லாம் வேணாமா?" என்பான். வேண்டும்தான், தம்பி. கோயம்புத்தூரில் பதினைந்து பேர் நாள் முழுக்க போனிலேயே டிக்கெட் போடுகிற டிராவல்ஸுக்கு வேண்டும். ஆறு ஊரில் கிளை வைத்திருக்கிற லேபுக்கு வேண்டும். அவர்களுக்கு நீ விற்றால் நானே வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறேன். அதற்கு நான் எதிரி இல்லை. நாலு பேர் பட்டறைக்கு ஐந்து இணைப்பு விற்றுவிட்டு, முதலாளி ஆப்பில் டேட்டா இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அடுத்த ஊருக்குப் போகிறாயே, அதற்குத்தான் எதிரி. அளந்து கொடு. துணிக்கடைக்காரர்கூட உடம்பை அளந்துதானே வெட்டுகிறார்?

இன்னொரு மறுப்பு என் சின்னம்மா மகனிடமிருந்து வரும். "ஊழியர் மேல நம்பிக்கை இல்லாமத் தொழில் பண்ண முடியுமா அண்ணே?" நம்பிக்கை வேறு, பத்திரம் வேறு. நம்புகிற ஆளிடம் கடைச் சாவியைக் கொடுக்கலாம், கடையை அவர் பெயரில் எழுதி வைப்போமா? ஊழியருக்கும் இதில் நியாயம் இருக்கிறது. அவன் சொந்த நம்பரில் ராத்திரி பத்து மணிக்கு வாடிக்கையாளர் கூப்பிட்டுத் திட்டினால் அவன் எங்கே போவான்? கடை நம்பர் என்று தனியாக இருந்தால் அவனுக்கும் வீடு வீடாக இருக்கும்.

கடைசியாக வீட்டுப்பாடம். தப்பிக்க முடியாது. நாளைக்குக் காலை ஆறு மணிக்கு, யாருக்கும் சொல்லாமல், வேறு ஒருவர் போனிலிருந்து உங்கள் கடைக்கே கூப்பிட்டுப் பாருங்கள். எழுபது வயது விவசாயி கூப்பிடுகிறார், கண் சரியாகத் தெரியாது, பட்டன் போன், தமிழ் மட்டும்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி அடித்தது, யார் எடுத்தது, என்ன மொழி வந்தது என்று இங்கே கமெண்ட்டில் எழுதுங்கள். உண்மையை எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் உண்டு.

என் மைத்துனர் தோட்டத்து ஸ்டார்ட்டர் பெட்டியில் பழைய நம்பர் இன்னும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்காரன் சின்ன பெயின்ட் டப்பாவோடு வந்து, அதன் கீழே புது நம்பரை எழுதினான். அழித்துவிட்டு எழுதலாமே என்றேன். "இருக்கட்டும் சார், அப்பா எழுத்து" என்றான். இன்னும் எத்தனை பெட்டி பாக்கி என்று கேட்டேன். முந்நூறுக்கு மேல் இருக்கும் என்றான். ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்